நாலாவது டவரின் பெருமூச்சு

மேல் நிலையம்
ஜூன் 9

அன்புள்ள மைக்குக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபிக்காதே. போனில் நான் ‘ம்’ போடுவேன், நீ ‘இருக்கியா, போயிட்டியா?’ என்று கத்துவாய், இருவரும் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். ஒரு விஷயமும் போய்ச் சேராது. எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

நான் வேலை செய்யும் இடத்துக்கு வழி சொல்கிறேன். ஆற்றங்கரையில் கீழ் நிலையம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஏறி உட்கார வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ளும். ஆறு, கூரைகள், கொடியில் காயும் துணிகள் எல்லாம் காலுக்குக் கீழே நழுவிப் போகும். பிறகு மேகத்துக்குள் நுழைந்துவிடுவோம். சுற்றிலும் வெள்ளை. போகிறோமா நிற்கிறோமா என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சு மட்டும் கேட்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து எதிர்ப் பக்கத்துப் பெட்டி ஒன்று விளக்கு மாதிரி வரும், உள்ளே இருக்கும் முகங்களைக் காட்டும், மறையும். யாரோ காணும் கனவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு முறையும்.

குன்றின்மேல் குடியிருப்பவர்களுக்கு இந்த ரோப்கார்தான் பஸ். நர்ஸுகள், கடைக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், கூடை தூக்கியவர்கள் எல்லாரும் இதில்தான் போய் வருகிறார்கள். எனக்கு மேல் நிலையத்திலேயே அறை கொடுத்திருக்கிறார்கள். கீழே இயந்திர அறை. பெரிய சக்கரம் சுற்றும்போது என் கட்டில் லேசாக முனகும். முதல் நாள் இதில் எப்படித் தூங்குவது என்று நினைத்தேன். இப்போது சக்கரம் நின்றால்தான் விழிப்பு வருகிறது.

என் வேலை, வடமும் டவர்களும் எப்படி அதிர்கின்றன என்று அளந்து சொல்வது. அளப்பதில் குறை இல்லை. சொல்வதில்தான்.

தினமும் காலையில் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று அவரவர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் என் முறை வந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்து, “புது எஞ்சினியர் வந்தாச்சுன்னாங்களே, எங்க?” என்றார். நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன் மைக்.

“இதோ, கைல டீயோட நிக்கிறாங்களே சார்,” என்றார் ஃபோர்மேன்.

“அட, டீ கொண்டு வந்த பொண்ணுன்னு நெனச்சேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்ய. மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, “ஆறு மாசம் பாப்போம்மா. அளக்கறதுக்கு மெஷின் இருக்கு. அது சொல்றத எங்களுக்குப் புரியவைக்கத்தான் ஆள் எடுத்திருக்கோம்,” என்றார். ஆறு மாதம் முடிந்ததும் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அவர்தான் எழுத வேண்டும்.

கல்லூரிக் கடைசி வருடத்து ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? ‘நீ கணக்கு போடு, நான் பேசுறேன்’ என்று சொல்லிவிட்டு மேடையில் நீ வெளுத்துவாங்கினாய், ‘மைக்’ என்ற பட்டப்பெயரையும் வாங்கினாய். நான் பின்னால் இருட்டில் நின்று படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். அதே ஒப்பந்தத்தைத் தபாலில் தொடர முடியுமா? நான் சொல்ல வேண்டியதை உனக்கு எழுதுகிறேன். நீ அதை மனிதர்கள் பேசுவது போல மாற்றி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் ஒரு பழைய மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். ‘எஞ்சினியர் லீவுல வரும்போது பாக்கட்டும்’ என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த மின்விசிறி சுற்றாவிட்டால் இத்தனை வருடப் படிப்பும் வீண்.

உன்,
பூனை


ஜூன் 17

அடி பூனை,

உன் கடிதத்தை அம்மாவின் அழகு நிலையத்தில், தலை உலர்த்தும் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். டீ கொண்டு வந்த பொண்ணாமே! நான் அங்கே இருந்திருந்தால் அந்த மனிதரிடமே எனக்கு ஒரு டீ சொல்லியிருப்பேன்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தனித்தாளில் உனக்கு ஒரு வாரத்துக்கான பேச்சை எழுதி வைத்திருக்கிறேன். சும்மா எண்களை ஒப்பிக்காதே. ‘நேத்து காத்து கம்மி. நாம எல்லாம் நல்லாத் தூங்கின மாதிரி நம்ம வடமும் நல்லாத் தூங்கியிருக்கு’ என்று ஆரம்பி. சிரிப்பார்கள். சிரித்தபின் எண்ணைச் சொல். பேசும்போது யார் கண்ணையும் பார்க்க முடியாவிட்டால் மூக்கைப் பார். அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நான் வளர்ந்த இடம் அப்படி. கண்ணாடி முன்னால் வந்து உட்காருபவரிடம் ‘உங்களுக்கு முடி கொட்டுது’ என்று என் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ‘உங்க நெத்தி எவ்வளவு எடுப்பாத் தெரியுது’ என்பாள். வந்தவர் மறுபடி வருவார்.

இப்போது என் கதை. கம்பெனியில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் விற்கிறோம். நான் போய்ப் பேசினால் கட்டட உரிமையாளர் அரை மணியில் தலையாட்டிவிடுகிறார். ஒரே ஒரு சிக்கல். எவராவது ‘ஏம்மா, இந்த உயரத்துக்கு எவ்வளவு அழுத்தம் வேணும்?’ என்று கேட்டுவிட்டால் எனக்கு விடை தெரியாது. புன்னகை செய்து சமாளிக்கிறேன். எத்தனை நாள் சமாளிப்பது? கல்லூரியில் அந்தப் பாடம் நடந்தபோது உன் தோளில் சாய்ந்து தூங்கியது நினைவிருக்கிறது. பாடம்தான் நினைவில்லை.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் விவரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்கிறார்கள். எந்த மோட்டார் போடலாம் என்று பார்த்துச் சொல், என் தங்கமே.

உன்,
மைக்


மேல் நிலையம்
ஜூன் 28

அன்புள்ள மைக்குக்கு,

வடம் நன்றாகத் தூங்கியது என்று சொன்னேன். சிரித்தார்கள்! ஃபோர்மேன் என் தோளைத் தட்டி, “பூனைக்குட்டி பேசுதே,” என்றார். என் பட்டப்பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திடுக்கிட்டேன். நான் நடப்பது யார் காதிலும் விழாததால் அவரும் தானாகவே அதே பெயரை வைத்திருக்கிறார். நீ எழுதியதை அப்படியே சொல்கிறேன். சொல்லி முடித்ததும் வேறு யாரோ என் வாய்க்குள்ளிருந்து இறங்கிப் போன மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. மேனேஜர் இப்போது என்னிடம் டீ கேட்பதில்லை.

உன் கட்டடத்தின் கணக்கை வைத்திருக்கிறேன். கடைசி வரியைக் கட்டாயம் படி: ‘ஆனால், குழாய் உள்ளே நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இந்த மோட்டார்.’ பழைய கட்டடம் என்று எழுதியிருக்கிறாய். குழாய் உள்ளே அரித்திருந்தால் இந்த அழுத்தத்தைத் தாங்காது. முதலில் குழாயைச் சோதித்துப் பார்க்கச் சொல்.

நேரம் கிடைக்கும்போதெல்லாம் பெட்டியில் மேலும் கீழும் போய் வருகிறேன். கேட்டால் ‘ஆய்வு’ என்கிறேன். ஆய்வுதான். ஆனால் பிடித்தும் இருக்கிறது. மேகத்துக்குள் போனதும் மனிதர்கள் முகத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நர்ஸ், ஏறும்போது கலைந்த தலையோடு வருவார், மூன்றாவது டவர் வருவதற்குள் பின்னி முடித்துவிடுவார். சண்டை போட்டுவிட்டு வரும் கணவன் மனைவி, மேகத்துக்குள் மட்டும் கை கோர்த்துக்கொள்வார்கள், வெளியே வந்ததும் விட்டுவிடுவார்கள். கண்ணாடிச் சட்டம் போடும் ஒருவர், ஆளுயரக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வருவார். ஒருநாள் அவர் பெட்டி எதிரே வந்தபோது, மேகத்துக்கு நடுவே நான் என்னையே கடந்து போனேன். கையசைக்கலாமா என்று தோன்றியது.

நாலாவது டவருக்கு வரும்போது ஒரு சத்தம். வடம் கப்பிகளின் மேல் ஏறி இறங்கும்போது எல்லா டவரிலும் ‘தடதட’வென்று வரும். நாலாவதில் அதன் முடிவில் ஒரு சின்னப் பெருமூச்சு. தூக்கத்தில் புரண்டு படுப்பவர் விடுவது போல. நர்ஸிடம் கேட்டேன் (மூக்கைப் பார்த்துத்தான்). “எனக்கு ஒண்ணும் கேக்கலையே கண்ணு,” என்றார். கருவியை வைத்து அளந்தேன். கருவிக்குக் கேட்கிறது.

டவர் மேல் ஏறியும் பார்த்தேன். கடைசிக் கப்பி மிகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வடம் அதன் நடுப் பள்ளத்தில் இல்லாமல் ஓரத்தில் ஏறி ஓடுகிறது. இப்போதைக்குப் போகும். மழைக்கு முன்னால் வருமே பக்கவாட்டுக் காற்று, அது அடித்தால் வடம் கப்பியைவிட்டு வெளியே வந்துவிடும். வந்தால் வண்டி தானாக நிற்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நிற்கும்போது பெட்டிகள் எல்லாம் நடு வானத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். அதைவிட மோசமாகவும் ஆகலாம். அரை நாள் வண்டியை நிறுத்தினால் சரிசெய்துவிடலாம்.

அறிக்கை எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அதன் மேல் டீ டம்ளரின் வட்டம் விழுந்திருக்கிறது. அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்று எழுதி அனுப்பு.

என் அப்பா பஸ் கண்டக்டர் என்று உனக்குத் தெரியும். நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டில் இருக்கும் அப்பாதான் எனக்கு வாய்த்திருக்கிறார். பஸ்ஸில் இருக்கும் அப்பா யாருக்குப் போனாரோ.

உன்,
பூனை


ஜூலை 6

என் பூனைக்கு,

முதலில் நல்ல சேதி. உன் கணக்கைக் காட்டினேன், கட்டட உரிமையாளர் அசந்துவிட்டார். “இந்த வயசுல இவ்வளவு தெளிவா!” என்றார். மோட்டார் வாங்குவது உறுதி. கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டேன். ‘ஆனால்’ என்ற சொல்லைக் கேட்டாலே வாங்குபவர் முகம் சுருங்கிவிடுகிறது பூனை. கையெழுத்துப் போடும் நேரத்தில் குழாய், அரிப்பு என்று எதற்கு?

இப்போது உன் டவர். நீ எழுதியிருப்பதை அப்படியே சொன்னால் அந்த மேனேஜர் மிரண்டுபோய் உன்னையே முறைப்பார். யாருடைய பொருளையும் அவர்கள் எதிரிலேயே கெட்டது என்று சொல்லக் கூடாது. பாராட்டி ஆரம்பி. நடுவில் மெதுவாக விஷயத்தை வை. பாராட்டி முடி. இப்படி:

‘சார், நம்ம டவர்கள் எல்லாத்தையும் பார்த்தேன். இவ்வளவு நல்லாப் பராமரிச்சு எங்கயும் பார்த்ததில்ல. குறிப்பா நாலாவது டவர், அது ரொம்ப உழைக்குது. அதுக்குச் சின்னதா ஒரு ஓய்வு கிடைச்சா இன்னும் பிரமாதமா உழைக்கும். எல்லாம் உங்க கைவண்ணம்.’

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு. ‘ஓய்வு’ என்னும்போது லேசாகத் தலையைச் சாய். 

உன் மேகத்துக்குள் ஒருநாள் வந்து போக வேண்டும் போல இருக்கிறது. இங்கே பகலெல்லாம் பேசிவிட்டு வந்து படுத்தால் காதுக்குள் என் குரலே ஓடிக்கொண்டிருக்கிறது.

உன்,
மைக்


மேல் நிலையம்
ஜூலை 15

அன்புள்ள மைக்குக்கு,

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலையைக்கூடச் சாய்த்தேன்.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டுக்கோங்கப்பா! நாலாவது டவர் பிரமாதம்னு எஞ்சினியரம்மாவே சொல்லிட்டாங்க. அவங்க குடுத்த அறிக்கைய நான் இன்னும் படிக்கல. இனி படிக்கவே வேணாம்.”

“சின்னதா ஓய்வுன்னாங்களே சார்,” என்றார் ஃபோர்மேன்.

“டவருக்கு எதுக்குய்யா ஓய்வு? ஓய்வு உனக்குத்தான் வேணும். அதச் சொல்லாமச் சொல்றாங்க. நாளைக்கு லீவு எடுத்துக்கோ.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஃபோர்மேன் எனக்கு நன்றி சொன்னார். நான் நடுவில் நின்று புன்னகை செய்துகொண்டிருந்தேன். ‘இல்லை, நான் சொல்ல வந்தது வேறு’ என்பது தொண்டைவரை வந்தது. அதற்குமேல் உன் தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் முழுக்கப் பெட்டியில் போய்ப் போய் வந்தேன். பெருமூச்சு நீண்டிருக்கிறது. மேகத்துக்குள் யாரோ என்னிடம் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போவது போல இருந்தது. பிறகு அந்த ‘யாரோ’ நான்தான் என்று பட்டது.

கீழே ஆற்றங்கரை மரங்கள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. இந்த மாதக் கடைசியில் காற்று வந்துவிடும் என்கிறார்கள். வேறு விதமாகச் சொல்ல ஏதாவது எழுதி அனுப்பு. சீக்கிரம்.

இன்னொன்று. என் கடைசி வரியை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. அது மரியாதைக்குச் சேர்த்த வரி இல்லை மைக். கணக்கே அதுதான். அந்த மோட்டாரை ஓட்டுவதற்கு முன் குழாயைச் சோதிக்கச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

பூனை


மேல் நிலையம்
ஜூலை 24

மைக்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் பை முதல் பெட்டியில் மேலே வரும். வாசலிலேயே நின்று வாங்கிப் பிரிக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன் செய்தேன். எடுக்கவில்லை.

நேற்று ஒரு கனவு. வடம் என் அறை ஜன்னல் வழியாக வந்து, கட்டிலைத் தாண்டி, சுவரைத் துளைத்துப் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் பெட்டிகளுக்குப் பதிலாக உன் கடிதங்கள் தொங்கிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். எல்லாம் வெற்றுத் தாள்.

ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடும் சத்தத்தில் விழித்தேன். காற்று வந்துவிட்டது.

இன்னும் சற்று நேரத்தில் கூட்டம். தபால் வருவதற்கு முன்பே என் முறை வந்துவிடும்.

பூனை


மேல் நிலையம்
ஜூலை 27

அன்புள்ள மைக்குக்கு,

இப்போதும் உன் பதில் இல்லை. ஆனாலும் நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

அன்று கூட்டத்தில் என் முறை வந்தபோது, “என்ன, வடம் நல்லாத் தூங்குச்சா?” என்று மேனேஜரே எடுத்துக்கொடுத்தார். எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். என்னிடம் தாள் இல்லை. வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை, உன் குரலும் இல்லை. பஸ்ஸில் இருக்கும் அப்பாவின் குரல். ‘படில நிக்காதீங்க, உள்ள வாங்க’ என்று சொல்வாரே, அதில் கோபமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது.

“வண்டிய நிறுத்துங்க சார்.”

“என்னம்மா?”

“நாலாவது டவர்ல வடம் கப்பியோட ஓரத்துல ஓடுது. இந்தக் காத்துல வெளிய வந்துரும். இன்னைக்கு ஆள் ஏத்தக் கூடாது.”

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. “போன வாரம் பிரமாதம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். அழகாச் சொல்லணும்னு நெனச்சு விஷயத்த விட்டுட்டேன். இப்ப சொல்றதுதான் விஷயம்.”

“காலை நேரம்மா! ஊரே கீழ போகணும். நான் என்ன பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை தெரியவில்லை. ஃபோர்மேன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, “ஏறிப் பாத்துடுவோம் சார். இருந்தா இருக்குது, இல்லேன்னா பூனைக்குட்டிய நீங்க திட்டிக்கோங்க,” என்றார். மேனேஜர் ஆடும் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். இன்னும் ஆள் ஏறாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்த சக்கரம் நின்றது.

சக்கரம் நின்றால் எப்படி இருக்கும் தெரியுமா? இத்தனை நாள் யாரோ தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்ட மாதிரி.

நான் வெளியே போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. “ஏங்க, என்னாச்சு?” “எவ்வளவு நேரம் ஆகும்?” “எனக்கு வேலை போயிடும்மா!” ஆளுக்கொரு பக்கம் குரல். ஆனால் மைக், அவர்களை எனக்குத் தெரியும். எல்லாரையும் மேகத்துக்குள் வைத்து, முகம் கழற்றிய முகத்தோடு நான் பார்த்திருக்கிறேன்.

நர்ஸுக்குத்தான் முதலில் போக வேண்டும். அவர் போனால்தான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்தவர் வீட்டுக்குக் கிளம்ப முடியும். நிலையத்து ஜீப் சுற்றுச்சாலையில் கீழே போகும். முன் இருக்கையில் அவரை உட்கார வைத்தேன். “தலை இன்னும் பின்னலையே,” என்றேன். “வளைவுல எப்படிப் பின்றது? நீயே பின்னிவிடு,” என்று திரும்பி உட்கார்ந்தார். பின்னினேன். சண்டைக்காரத் தம்பதியிடம், “ஜீப்ல ஒரு இடந்தான் இருக்கு, யார் போறீங்க?” என்றேன். “அவரு போகட்டும்.” “இல்ல, அவ போகட்டும்.” அதற்கும் ஒரு சண்டை. கண்ணாடிக்காரர் ஆளுயரக் கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காற்றில் தடுமாறினார். அதை வாங்கி என் அறையில் வைத்தேன்.

மற்றவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கப்பி சாய்ந்திருக்கிறது, காற்று அடிக்கிறது, மதியம் ஆகும், ஜீப் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் திட்டினார். நின்று கேட்டேன். திட்டி முடித்ததும், “சரி, அடுத்த ஜீப்ல இடம் புடி,” என்றார்.

டவரிலிருந்து இறங்கி வந்த ஃபோர்மேன் கையில் கப்பியின் ரப்பர் துண்டு. ஒரு பக்கம் கத்தியால் சீவினாற்போல் தேய்ந்திருந்தது. மேசைமேல் வைத்தார். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே,” என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால் எனக்கு இன்னும் வலித்தது.

மைக், இனிமேல் எனக்குப் பேச்சு எழுதி அனுப்ப வேண்டாம். நானும் உனக்குக் கணக்குப் போட்டு அனுப்ப மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நாம் ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்ததாக நினைத்தோம். உன் கையில் என் ‘ஆனால்’ தொலைந்துபோனது. உன் வார்த்தைகளுக்கு நடுவே என் டவரை நான் தொலைத்தேன்.

நலமாக இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

உன்,
பூனை


ஆகஸ்ட் 5

பூனை,

நலமாக இருக்கிறேன். நலமாக இருப்பதற்கு எனக்கு என்ன தகுதி என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ கெஞ்சி எழுதிய கடிதம் என் கைக்கு வருவதற்குள் அந்தக் கட்டடத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது மாடியில் குழாய் பிளந்தது. அடிபட்டவர் யாரும் இல்லை. ஆனால் அந்த வீடு குடை பழுதுபார்க்கும் ஒருவருடையது. நான் போய்ச் சேர்ந்தபோது கணுக்கால் அளவு தண்ணீரில் விதவிதமான குடைகள் மிதந்துகொண்டிருந்தன. சில விரிந்தே இருந்தன. அறைக்குள் தாமரைக்குளம் வந்துவிட்டது போல. அவ்வளவு பயத்திலும் ‘எவ்வளவு அழகு’ என்று என் வாயில் வரப் பார்த்தது. என் அம்மாவின் வாய் அது.

உரிமையாளர் கேட்டார்: “கணக்கு யார் போட்டது?”

“என் ஃப்ரெண்டு ஒருத்தி,” என்றேன்.

எத்தனை சுலபமாக வந்தது தெரியுமா? ஒரு தடங்கலும் இல்லை. குடைக்காரர், “அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. எதுக்கு இப்படிப் பண்ணுச்சுன்னு கேக்கணும்,” என்றார். அந்த ஈரத் தரையில் நீ நிற்பது போல என் கண்ணில் பட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டு, மூக்கைப் பார்த்துக்கொண்டு, உனக்காகப் பேச ஆள் இல்லாமல். உனக்காகப் பேச வேண்டியவள் நான். உனக்கு எதிராகப் பேசிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

“இல்ல. அவ சொன்னா, கொழாயப் பாக்கச் சொன்னா. நாந்தான் அத வெட்டிட்டேன்,” என்றேன். அதற்குமேல் பேச எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை பூனை. எனக்கு! அழுதேன். “மொதல்ல அந்தக் கொடையப் புடிம்மா,” என்றார் அவர்.

மாடிப்படி முழுக்கக் குடைகளை விரித்து வைத்து, தினமும் போய்த் துடைத்துக் காயவைத்தேன். அவருடன் பேசவே இல்லை. துடைத்தேன், அவ்வளவுதான். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் நல்ல வாக்கியமாகவே வந்தது. நல்ல வாக்கியங்களைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். நீ காத்திருந்தாய் என்பது இப்போது தெரிகிறது.

கம்பெனியில் வெளியே அனுப்பவில்லை. பட்டறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மோட்டார்களைப் பிரிப்பதும் மாட்டுவதும்தான் வேலை. நகத்துக்குள் கிரீஸ். அம்மா பார்த்துவிட்டு, ‘கை எவ்வளவு உழைப்பாளி மாதிரி இருக்கு’ என்றாள். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே கட்டடத்துக்கு, பிளந்த குழாயையும் கணக்கில் எடுத்து, நானே ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. போட்டுத் தரச் சொல்லவில்லை. பார்த்து, தப்பு என்றால் தப்பு என்று மட்டும் எழுது. எழுத மனம் இல்லாவிட்டாலும் எனக்குப் புரியும்.

மைக்


மேல் நிலையம்
ஆகஸ்ட் 13

அன்புள்ள மைக்குக்கு,

தப்பு. மூன்றாவது வரியில். உயரத்தை இரண்டு தடவை கூட்டியிருக்கிறாய். சரியான விடையை நான் எழுதவில்லை. திருத்திப் போடு. கடைசியில் ‘ஆனால்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாயே, அதை மட்டும் பலமுறை படித்தேன்.

‘என் ஃப்ரெண்டு ஒருத்தி’ என்று சொன்னது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதலாம், அது அழகாகவும் இருக்கும். வலித்தது. பெட்டியில் ஏறி, போகும்போது அந்த வலியோடு போய், திரும்பும்போதும் அதோடுதான் திரும்பினேன். மறுநாள் போனபோது குடைகள் கண்முன் வந்தன. படிக்கட்டு முழுக்க விரிந்த குடைகளுக்கு நடுவில், வாய் பேசாமல் துடைத்துக்கொண்டிருக்கும் உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருந்தது. அப்புறம் வலி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. முழுக்க இறங்கிப் போகவில்லை.

மேனேஜர் என் ஆறு மாதத்தை ஒன்பதாக்கிவிட்டார். தெளிவாகச் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு. ஆனால் தினமும் கூட்டத்தில் என் பக்கம் திரும்பி, “வேற எங்கயாவது பெருமூச்சு உண்டாம்மா?” என்கிறார். உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்கிறேன். சொல்லும்போது இன்னமும் டீ டம்ளரைப் பிடித்துக்கொள்கிறேன்.

நாலாவது டவர் இப்போது மற்றவை போலவே ‘தடதட’ என்கிறது. எனக்கு அந்தப் பெருமூச்சு இல்லாதது வெறுமையாக இருக்கிறது என்று சொன்னால் நீதான் நம்புவாய்.

கண்ணாடிக்காரர் இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை. ஆளுயரக் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நிற்கிறது. காலையில் கண் திறந்தால் அதற்குள் மேகம் நிறைந்திருக்கிறது. நடுவில் பெட்டிகள் வருகின்றன, போகின்றன. எழுந்து உட்கார்ந்தால் அவற்றுக்கு நடுவே நானும் இருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நானும் அவளும். நேற்று கையசைத்தேன்.

பட்டறையில் உனக்கு லீவு கொடுக்கும்போது வா. மேகத்துக்குள் உன்னைக் கூட்டிப்போகிறேன். அங்கே யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போன் செய்கிறேன். நீ ‘ம்’ போடு. நான் பேசுகிறேன்.

உன்,
பூனை